பிரசார் பாரதிக்கு நம் வரிப்பணம்: கொடுக்கலாமா, எப்படிக் கொடுக்கலாம்?

பரண்வாசி | சனி, காலை 7.10

போன வாரம் ஊர் வீட்டுப் பரணை ஒழித்தோம். பித்தளை அண்டாவுக்கும் உடைந்த ஊஞ்சல் பலகைக்கும் நடுவே தாத்தாவின் டிரங்குப் பெட்டி. அதற்குள் பாஸ்புக் மாதிரி ஒரு சின்னப் புத்தகம். ரேடியோ லைசென்ஸ். வருஷத்துக்கு ஒரு வில்லை ஒட்டி, அதன்மேல் தபாலாபீஸ் முத்திரை குத்தியிருக்கிறது. 1972-க்கு நேரே 15 ரூபாய். ஒரு வருஷத்து முத்திரை மங்கலாக விழுந்திருக்கிறது. பக்கத்தில் தாத்தா தன் கையெழுத்தில் பென்சிலால் தேதியைக் குறித்து வைத்திருக்கிறார், இன்ஸ்பெக்டர் வந்து கேட்டால் காட்ட வேண்டுமே என்று.

இளையவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அப்போது வீட்டில் ரேடியோ வைத்திருந்தால் ஆண்டுதோறும் தபாலாபீஸில் பணம் கட்ட வேண்டும். டிவி வந்ததும் அதற்கும் 50 ரூபாய் லைசென்ஸ் வந்தது. 1980களின் நடுவில் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து வானொலிக்கும் தூர்தர்ஷனுக்கும் நாம் நேராக ஒரு பைசா கொடுத்ததில்லை. மத்திய பட்ஜெட்டில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் கணக்கு வழியாகப் போகிறது. சமீப ஆண்டுகளில், இந்த இரண்டையும் நடத்துகிற பிரசார் பாரதி நிறுவனத்துக்கு வருஷத்துக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல். 140 கோடிப் பேருக்கு வகுத்துப் பார்த்தால் தலைக்கு 20 ரூபாய் சுமார். ஒரு டீயும் வடையும்.

2025 ஜூலையில் அமெரிக்கக் காங்கிரஸ் பொது ஒலிபரப்புக்கு ஏற்கெனவே ஒதுக்கியிருந்த 110 கோடி டாலரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. 1967-ல் சட்டம் போட்டு உருவாக்கிய பொது ஒலிபரப்புக் கழகம் அடுத்த மாதமே கடையைக் கட்டப்போவதாக அறிவித்தது. அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. நம் ஊரில் இப்படி ஒரு நாள் வந்தால் யார் வாய் திறப்பார்கள்? பணம் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஆனால் இப்போது கொடுக்கிற முறை சரியில்லை என்றும் நினைக்கிறேன். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

வரிகட்டி | சனி, காலை 8.02

நான் நேர் எதிர்க் கட்சி. லைசென்ஸ் புத்தகம் காலத்தில் வேறு வழி கிடையாது. இன்றைக்கு ரிமோட்டை அமுக்கினால் தமிழிலேயே இத்தனை சேனல். செய்திக்கு மட்டுமே ஒரு டஜன் இருக்கும். எங்கள் தெருவில் டிடி தமிழ் பார்க்கிற ஒரு வீட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

தலைக்கு 20 ரூபாய் என்று சொன்னால் எதுவும் சின்னதாகத்தான் தெரியும் அண்ணா. மொத்தமாகப் பாருங்கள். 2,500 கோடியில் எத்தனை ஊர்ப் பள்ளிக்குக் கழிப்பறை கட்டலாம், எத்தனை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு டாக்டர் போடலாம்?

இன்னொன்று, அரசாங்கம் சம்பளம் கொடுக்கிற நிறுவனம் அரசாங்கத்தைக் கேள்வி கேட்குமா? எமர்ஜென்சியில் கேட்டதா? எந்தக் கட்சி டெல்லியில் உட்கார்ந்தாலும் அந்தக் கட்சிக்குத்தான் மேளம். என்னைக் கட்டுப்படுத்துகிறவனைப் புகழ்வதற்கு என் பணத்தையே ஏன் கொடுக்க வேண்டும்?

நன்னிலம் செல்வி | சனி, காலை 9.30

வரிகட்டி அண்ணன் கேட்டதில் கடைசிக் கேள்வி நியாயம்தான். முதல் கேள்விக்கு மட்டும் என் பதில்.

எங்க அப்பாவுக்கு இப்போ எண்பதைத் தாண்டிவிட்டது. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தில் 1960களின் நடுவில் ஏ.டி.டி. 27 என்று ஒரு குறுகிய கால நெல் ரகம் கொண்டு வந்தார்கள், குறுவைக்கு. அதைப் பற்றித் திருச்சி வானொலியில் விடாமல் சொன்னார்கள். எந்த நாளில் நாற்று விட வேண்டும், எவ்வளவு உரம், பூச்சி வந்தால் என்ன அடிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக. தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயிகள் அந்த நெல்லுக்கு ஏ.டி.டி. 27 என்று சொன்னதே கிடையாது. "ரேடியோ நெல்"தான். எங்க அப்பா இன்றைக்கும் அப்படித்தான் சொல்வார். சாயங்காலம் டீக்கடை வாசலில் பஞ்சாயத்து ரேடியோ முன்னால் ஆட்கள் துண்டை விரித்து உட்கார்ந்துவிடுவார்களாம். படிக்கத் தெரிந்த பையன் ஒருத்தன் சிகரெட் அட்டையின் பின்பக்கம் உர அளவைக் குறித்து வைத்துக்கொள்வானாம்.

இதைத் தனியார் சேனல் செய்திருக்குமா? விளம்பரக்காரருக்கு அந்த டீக்கடை வாசலில் விற்க என்ன இருந்தது? லாபம் இல்லாத இடத்துக்குப் பேசுவதற்குத்தான் பொதுப்பணம்.

வரிகட்டி | சனி, காலை 9.48

செல்வி, அது அறுபது வருஷத்துக் கதை. மறுக்கவில்லை, பெருமையான கதை. இன்றைக்கு அப்பா நெல் விலையையும் மழையையும் எதில் பார்க்கிறார்? பேரன் போனில்தானே?

நன்னிலம் செல்வி | சனி, காலை 9.55

போனில்தான். வாட்ஸ்அப்பில் போன வருஷம் வந்த புயல் எச்சரிக்கை இந்த வருஷமும் சுற்றுகிறது. எது உண்மை என்று கேட்க அவர் இன்னும் ரேடியோவைத்தான் திருப்புகிறார்.

ஃபிலமென்ட் | சனி, மதியம் 1.20

வானொலி டிரான்ஸ்மிட்டர் பிரிவில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எந்த ஊர் என்று வேண்டாம். பணம் எப்படிப் போகிறது என்று தெரியாமலேயே பெரும்பாலும் இந்தச் சண்டை நடக்கிறது. அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு காட்சி. விடியற்காலை ஒலிபரப்பு தொடங்குவதற்கு முன்னால் ஷிஃப்டில் இருக்கிறவர் டிரான்ஸ்மிட்டர் ஹாலுக்குள் போவார். பெரிய வால்வுகள் இருந்த காலம் அது. எடுத்த எடுப்பில் முழு மின்சாரம் கொடுக்கக் கூடாது. முதலில் ஃபிலமென்ட் மட்டும், வால்வுக்குள் இருக்கிற கம்பி. அது சூடேறும் வரை காத்திருக்க வேண்டும். குளிர்விக்கும் காற்று சரியாகப் போகிறதா என்று காதால் கேட்க வேண்டும், சத்தம் மாறினாலே தெரிந்துவிடும். அப்புறம்தான் ஹை டென்ஷன். மீட்டர் முள் மெதுவாக ஏறும். வெளியே இருட்டில் மாஸ்ட் உச்சியில் சிவப்பு விளக்கு. அறிவிப்பாளர் வணக்கம் சொல்லுமுன்பு இத்தனை நடந்து முடிந்திருக்கும். தீபாவளி, பொங்கல், புயல், எந்த நாளானாலும்.

இதற்குத்தான் பணம். ஆனால் எந்தப் பணம்?

இப்போது இருக்கிற ஏற்பாட்டில் மத்திய அரசு கொடுக்கும் மானியத்தின் பெரும்பகுதி சம்பளம். ஏன் என்றால் ஆகாசவாணி, தூர்தர்ஷன் ஊழியர்கள் மத்திய அரசு ஊழியராகச் சேர்ந்தவர்கள். 1997-ல் நிறுவனம் தனியாகப் பிரிந்த பிறகும் அவர்கள் யாருடைய ஆட்கள் என்பது பல வருஷம் முடிவாகவில்லை. கடைசியில் 2012-ல் சட்டத்தைத் திருத்தி, 2007 அக்டோபர் 5-ம் தேதி வேலையில் இருந்தவர்கள் எல்லாரும் ஓய்வு பெறும் வரை அயல்பணியில் இருக்கும் மத்திய அரசு ஊழியர்கள் என்று முடிவு செய்தார்கள். சம்பளம் அரசின் பொறுப்பு. கட்டிடம், கருவி வாங்கத் தனித் திட்டம். 2023 ஜனவரியில் சுமார் 2,540 கோடிக்கு அப்படி ஒன்றுக்கு ஒப்புதல் கிடைத்தது, 2025-26 வரைக்கும்.

நிகழ்ச்சி தயாரிக்கிற செலவும் அன்றாட ஓட்டச் செலவும் எங்கிருந்து வரும்? நிறுவனம் தானே சம்பாதித்துக்கொள்ள வேண்டும். விளம்பரம், நேர விற்பனை, ஃப்ரீ டிஷ் ஏலம்.

அதாவது, அரசுப் பணம் ஆளை வைக்கிறது. அந்த ஆள் செய்ய வேண்டிய வேலைக்குச் சந்தையில் போய்க் கையேந்த வேண்டும். செல்வி சொன்ன ரேடியோ நெல் நிகழ்ச்சி எந்தக் கணக்கில் வரும் என்று யோசித்துப் பாருங்கள். பொதுச்சேவை என்கிற பகுதிக்குத்தான் உறுதியான காசு இல்லை. இதை வெளியே இருந்து யாரும் பேசுவதே கிடையாது. எனக்கு இது பெரிய ஆதங்கம்.

பரண்வாசி | சனி, மதியம் 2.05

ஐயா, இதற்காகத்தான் இழையைத் தொடங்கினேன் என்று தோன்றுகிறது. மிக்க நன்றி.

நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு 1990-ம் வருஷத்துப் பிரசார் பாரதிச் சட்டத்தை எடுத்துப் பார்த்தேன். 17-ம் பிரிவு. நாடாளுமன்றம் ஒதுக்கிய பின் மத்திய அரசு நிறுவனத்துக்கு இரண்டு வகையில் பணம் "கொடுக்கலாம்" என்கிறது. "கொடுக்க வேண்டும்" என்று இல்லை. முதல் வகை, ஒலிபரப்புக் கருவி லைசென்ஸ் கட்டணம் ஏதாவது வந்தால் அதில் வசூல் செலவு போக மீதி. இரண்டாவது, அரசு தேவை என்று கருதுகிற வேறு தொகை.

லைசென்ஸ் கட்டணத்தை எடுத்து ஐந்து வருஷம் ஆன பிறகு எழுதின சட்டம் இது! தாத்தா புத்தகத்தில் கடைசி வில்லை 1984. இல்லாத வருமானத்தை முதலில் எழுதிவிட்டு, அடுத்த வரியில் "அரசு கருதுகிற தொகை". அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் தொங்குகிறது. எவ்வளவு தேவை என்று கருதுகிறவர் யார்? யாரைக் கேள்வி கேட்க வேண்டுமோ அவரே.

கொங்குமலர் | சனி, மாலை 4.40

ஃப்ரீ டிஷ் பேச்சு வந்ததால் நானும் வர்றேன்.

2004 டிசம்பரில் தூர்தர்ஷன் தொடங்கின இலவச டிடிஎச். ஒரு தடவை டிஷ்ஷும் பெட்டியும் வாங்கிட்டா மாசக் கட்டணம் கிடையாது. ஏழைக் குடும்பத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இருக்கா? நாலு கோடி வீட்டுக்கு மேல இருக்குன்னு சொல்றாங்க. தனியார் சேனல்கள் அதுல இடம் பிடிக்க ஏலம் எடுக்கணும். ஒரு வருஷத்துக்கு ஆயிரம் கோடி ரூபாய் அளவுக்கு வருது. நல்ல வருமானம்.

ஆனா அந்த இடங்களை யார் வாங்கறாங்க? பெரும்பாலும் இந்திச் சேனல்கள். இந்தி சினிமா, இந்தி சீரியல், இந்திச் செய்தி, போஜ்புரி. எங்க மில் பக்கத்து லைன் வீட்டுல ஒரு அக்கா ஆசையா டிஷ் வாங்கி மாட்டினாங்க. சேனல் ஒவ்வொண்ணா மாத்திட்டே போனாங்க, மாத்திட்டே போனாங்க. தமிழ்ல கிடைச்சது சொற்பம். ஒரே மாசத்துல கேபிளுக்குத் திரும்பிட்டாங்க. டிஷ் இப்ப மாடியில துணி காயப்போடற கயித்துக்கு ஒரு முனையா இருக்கு.

ஐயா சொன்னதோட சேர்த்துப் பாருங்க. நிகழ்ச்சிக்கான காசைச் சந்தையில சம்பாதின்னு சொன்னா, சந்தை பெருசா இருக்கிற மொழிக்குத்தான் நிறுவனம் சாயும். யாரோ உட்கார்ந்து தமிழை ஒழிக்கத் திட்டம் போடணும்னு அவசியமே இல்லை. ஏலமே அதைப் பண்ணிடும்.

திட்டமே இல்லைன்னும் நான் சொல்லலை. 2023-ல "ஆல் இந்தியா ரேடியோ"ன்னு இனி சொல்லக் கூடாது, "ஆகாசவாணி" மட்டும்தான்னு உத்தரவு வந்தது. 2024 அக்டோபர்ல சென்னைத் தூர்தர்ஷன்ல இந்தி மாத நிறைவு விழா நடந்தது, ஆளுநர் வந்திருந்தார். தமிழ்த்தாய் வாழ்த்துல "தெக்கணமும் அதிற்சிறந்த திராவிடநல் திருநாடும்" வரியை விட்டுட்டுப் பாடினாங்க. டிடி தமிழ் மன்னிப்புக் கேட்டது. கேட்டது சரி. ஆனா தமிழ் மக்களோட பணத்துல நடக்கிற தமிழ் நிலையத்துல இந்தி மாதம்னு ஒண்ணு ஏன் கொண்டாடணும்ங்கற கேள்வி அப்படியே இருக்கே.

வரிகட்டி | சனி, மாலை 5.15

மலர் சொல்வது முழுக்க என் வாதம்தான். இதற்குத்தான் காசு கொடுக்காதே என்கிறேன்.

கொங்குமலர் | சனி, மாலை 5.21

இல்லைங்க. வீட்டுல பங்கு சரியாப் பிரிக்கலைன்னா பங்கைக் கேட்கணும். வீட்டை இடிக்கச் சொல்லக் கூடாது.

ஈஸ்ட்ஹாம் ரவி | ஞாயிறு, அதிகாலை 2.10

லண்டனில் இருந்து எழுதுறன். யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவன்.

வரிகட்டி அண்ணை, "அரசாங்கம் காசு குடுத்தால் அது அரசாங்கத்தின்ர வாய்தான்" எண்டு சொன்னியள். எனக்கு அதில ஒரு மறுப்பு இருக்கு. அறிவால வந்த மறுப்பு இல்லை, அனுபவத்தால வந்தது.

1990க்குப் பிறகு எங்கட பக்கம் மின்சாரம் இல்லை. பற்றறியும் தடை. சைக்கிளை ஸ்ராண்டில ஏத்தி, டைனமோவை பின்சில்லோட சேத்துக் கட்டி, அதில இருந்து வயர் இழுத்து ரேடியோவுக்குக் குடுப்பம். நான் மிதிப்பன், அப்பா காதை வைச்சுக் கேப்பார், அயலட்டைச் சனம் படலைக்குள்ள நிண்டு கேக்கும். கால் அலுத்து வேகம் குறைஞ்சால் குரலும் இறங்கிப் போகும். "மிதியடா, மிதியடா" எண்டு அம்மம்மா கத்துவா. கேட்டது பிபிசி தமிழோசை. சில நாள் மணிலாவில இருந்து வாற வெரித்தாஸ். சொந்த ஊரில எங்க குண்டு விழுந்தது எண்டதையே வெளிநாட்டுக்காரன் சொல்லித்தான் அறிஞ்சம். கொழும்பு வானொலியை ஆரும் நம்பேல்லை. ஒரு காலத்தில இந்தியா முழுக்க ஆசையாக் கேட்ட இலங்கை வானொலி அது.

இப்ப விசயத்துக்கு வாறன். அந்தத் தமிழோசைக்கு ஆர் காசு குடுத்தது? பிபிசியின்ர உள்நாட்டுச் சேவைக்கு லைசென்ஸ் காசு. ஆனால் உலக சேவைக்கு 2014 வரைக்கும் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சுத்தான் காசு குடுத்தது. நேரடி அரசாங்கக் காசு! கொழும்பு வானொலியும் அரசாங்கக் காசு, தமிழோசையும் அரசாங்கக் காசு. ஒண்டை நம்பினம், ஒண்டை நம்பேல்லை. வித்தியாசம் காசு எங்க இருந்து வந்தது எண்டதில இல்லை. காசு குடுத்தவன் செய்தி அறைக்குள்ள வர ஏலுமோ ஏலாதோ எண்டதிலதான்.

லைசென்ஸ் முறையும் பெரிய சொர்க்கம் இல்லை எண்டதையும் சொல்லவேணும். 2025 ஏப்ரலில அது வீட்டுக்கு வருசத்துக்கு 174 பவுண்டு 50 பென்ஸ் ஆச்சுது. பணக்காரனுக்கும் அதே, துப்புரவு வேலை செய்யிற தாய்க்கும் அதே. கட்டாட்டில் குற்ற வழக்கு, அதில மாட்டுறது பெரும்பாலும் பொம்பிளையள், பகலில வீட்டுக் கதவைத் திறக்கிறது அவையள்தானே. காசு நெருக்கினதால 2017 ஏப்ரலோட தமிழோசை வானொலியையும் நிப்பாட்டிப் போட்டினம். 1941-ல தொடங்கினது. கடைசி நாள் சமையலறையில நிண்டு கேட்டன்.

ஃபிலமென்ட் | ஞாயிறு, காலை 6.30

ரவி, இரண்டு முறை படித்தேன். நாங்கள் இங்கே ஒரு மைக்ரோ ஆம்பியர் குறைந்தால் ஓடிப்போய்ச் சரிசெய்வோம். அந்தப் பக்கம் ஒருவர் மிதித்துக்கொண்டு கேட்பார் என்று அப்போது தெரியாது.

வரிகட்டி | ஞாயிறு, காலை 8.00

ரவி, நீங்கள் எழுதியதற்கு முன்னால் நான் வாதம் பேசத் தயங்குகிறேன். ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். அங்கே செய்தி அறைக்கு வெளியே கதவு இருந்தது. இங்கே அந்தக் கதவைப் போட எத்தனை முறை முயன்றார்கள்? 1966-ல் அசோக் சந்தா தலைமையிலான குழு வானொலிக்குத் தன்னாட்சி வேண்டும் என்று சொன்னது. எமர்ஜென்சிக்குப் பிறகு வர்கீஸ் குழு "ஆகாஷ் பாரதி" என்று தனி அமைப்பே வேண்டும் என்றது. 1990-ல் சட்டம் நிறைவேறியது. நடைமுறைக்கு வர ஏழு வருஷம். 1995-ல் உச்ச நீதிமன்றம் கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கில் அலைவரிசை பொதுச்சொத்து, அரசின் தனிச்சொத்து இல்லை என்று தீர்ப்புச் சொன்ன பிறகுதான் கொஞ்சம் அசைந்தார்கள். 1997 நவம்பரில் நிறுவனம் பிறந்தது. அடுத்த வருஷம் டெல்லியில் ஆட்சி மாறியதும் முதல் தலைமை நிர்வாகி எஸ்.எஸ்.கில் வெளியே. குழந்தைக்குப் பல் முளைக்கும் முன்னாலேயே பிடுங்கிவிட்டார்கள்.

காங்கிரஸ், ஜனதா, பாஜக என்று பிரித்துச் சொல்லவில்லை. யாருமே அந்தச் சாவியை விடமாட்டார்கள். நடக்காது என்று தெரிந்த சீர்திருத்தத்துக்காக வருஷா வருஷம் 2,500 கோடி எவ்வளவு நாள் கொடுப்பது?

பரண்வாசி | ஞாயிறு, காலை 10.45

நடக்காது என்று முடிவு கட்ட வேண்டாம். நடந்த இடம் இருக்கிறது.

ஜெர்மனியில் டிவி இருக்கிறதோ இல்லையோ, ஒவ்வொரு குடும்பமும் மாதம் 18.36 யூரோ கட்டுகிறது. அது எனக்கு முக்கியம் இல்லை. அந்தத் தொகையை யார் நிர்ணயிக்கிறார்கள் என்பதுதான் முக்கியம். ஒலிபரப்பு நிறுவனங்கள் தேவையைச் சொல்லும், கட்சி சாராத ஒரு நிபுணர் குழு அதைத் துருவிப் பார்த்து வெட்ட வேண்டியதை வெட்டிப் பரிந்துரைக்கும், பிறகு மாநிலங்கள் ஒப்புதல் தரும். 2020 கடைசியில் சாக்சனி-அன்ஹால்ட் என்கிற ஒரு மாநிலம் மட்டும் ஒப்புதல் தர மறுத்து உயர்வைத் தடுத்தது. ஒலிபரப்பாளர்கள் அரசியல் சாசன நீதிமன்றம் போனார்கள். 2021 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. ஒலிபரப்புச் சுதந்திரம் என்றால் அதற்குத் தேவையான பணமும் சேர்த்துத்தான், ஒரு மாநிலம் இப்படித் தடுக்க முடியாது என்று சொல்லி 17.50-லிருந்து 18.36 ஆக நீதிமன்றமே உயர்த்தியது. பேச்சுரிமைக்குள் பட்ஜெட்டையும் சேர்த்துப் பார்த்த தீர்ப்பு. நம் 1995 தீர்ப்பு பாதி வழி வந்து நின்றது, மீதி வழி இது.

எதிர்ப்பக்கம் கிரீஸ். 2013 ஜூன் 11-ம் தேதி, கடன் நெருக்கடியில் செலவைக் குறைக்கிறோம் என்று அரசு அறிவித்து அன்றிரவே பொது ஒளிபரப்பை நிறுத்தியது. திரை கறுப்பானது. ஊழியர்கள் கட்டிடத்தை விட்டு நகராமல் இணையம் வழியாக ஒளிபரப்பினார்கள். ஆட்சி மாறி, சரியாக இரண்டு வருஷம் கழித்து அதே ஜூன் 11-ல்தான் திரும்ப வந்தது. அமெரிக்காவில் கூட காங்கிரஸ் இரண்டு வருஷம் முன்கூட்டியே பணம் ஒதுக்கும் வழக்கம் வைத்திருந்தது, அரசியல் கை படக் கூடாது என்றுதான். அந்தப் பூட்டையும் ஒரே வாக்கெடுப்பில் உடைத்துவிட்டார்கள். வழக்கம் போதாது, எழுதி வைத்த உரிமை வேண்டும் என்று எனக்கு அதில் புரிந்தது.

ஃபிலமென்ட் | ஞாயிறு, மதியம் 12.10

நம் சட்டத்திலும் கதவு வரைந்திருக்கிறது தம்பி, மாட்டத்தான் இல்லை. தலைவரையும் உறுப்பினர்களையும் தேர்ந்தெடுக்க மூன்று பேர் குழு: மாநிலங்களவைத் தலைவர், பிரஸ் கவுன்சில் தலைவர், குடியரசுத் தலைவர் நியமிக்கும் ஒருவர். பரவாயில்லை. 13-ம் பிரிவில் 22 எம்.பி.க்கள் கொண்ட நாடாளுமன்றக் குழு, மக்களவையில் 15, மாநிலங்களவையில் 7. அந்தக் குழுவை அமைக்கவே இல்லை. காசையும் ஆளையும் அமைச்சகம் வைத்திருக்கிறது, பதில் சொல்ல வேண்டிய மன்றம் காகிதத்தில் இருக்கிறது.

2018 தொடக்கத்தில் அப்போதைய தலைவர் சூர்ய பிரகாஷ், ஊழியர் சம்பளத்துக்கான பணத்தை அமைச்சகம் நிறுத்தி வைத்திருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். அமைச்சகம் மறுத்தது. யார் சொன்னது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. தன்னாட்சி நிறுவனத்தின் தலைவர் சம்பளப் பணத்துக்காகப் பத்திரிகையிடம் பேச வேண்டி வந்தது என்பதே போதும்.

ஒலிபெருக்கியில் நீங்கள் கேட்கிற குரல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் பாதி நிரந்தர ஊழியர் இல்லை. தற்காலிக அறிவிப்பாளர்கள். மாதத்துக்கு ஆறு டூட்டிதான், அதற்கு மேல் கிடையாது, டூட்டி கணக்கில் பணம். அந்த ஆறு நாளைக்காக மற்ற இருபத்துநாலு நாளும் உச்சரிப்பு பழகுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். லகர ளகர ழகரம் பிசகாமல் தமிழ் கேட்க வேண்டும் என்றால் இன்றைக்கும் அங்கேதான் போக வேண்டும். அந்தப் பெண்களுக்கும் பையன்களுக்கும் 2,500 கோடியில் ஒரு நிரந்தர நாற்காலி கிடைக்கவில்லை.

நெல்லைப் பிரியா | ஞாயிறு, மாலை 6.20

எனக்கு இருபத்தி மூணு வயசு. டிடி பார்த்து வளரலை. "ஒளியும் ஒலியும்" பத்தி அம்மா சொல்லித்தான் தெரியும். ஆனா பாட்டு கத்துக்கிறேன். பழைய வித்வான்கள் பாடினதைத் தேடினா, நல்ல பதிவுன்னு கிடைக்கிறதுல பெரும்பாலானது வானொலி நிலையத்துல பதிவு பண்ணினதுதான். கல்யாணக் கச்சேரியில ஒரு மைக் வச்சு எடுத்த மாதிரி இல்ல, தம்புரா சுருதி கூடத் தெளிவா கேட்கும். நாதஸ்வரமும் வில்லுப்பாட்டும் கூட அப்படித்தான். எந்தக் கம்பெனி அன்னைக்கு வில்லுப்பாட்டைப் பதிவு பண்ணப் போகுது?

அந்த ஸ்பூல் டேப் எல்லாம் பாழாகிட்டு வருது. ஒரு டேப்பை டிஜிட்டலாக்க அது ஓடற நேரம் முழுக்க ஒருத்தர் பக்கத்துல உட்காரணும்னு எங்க சார் சொன்னாங்க. இதுக்குக் காசு எந்த ஏலத்துல வரும்? 2024-ல வேவ்ஸ்னு ஓடிடி தொடங்கினாங்க, நல்லதுதான். அதுல தமிழ்ப் பதிவுகளை ஒழுங்கா வரிசைப்படுத்திப் போட்டாலே என் மாதிரி எத்தனை பேர் கேட்போம் தெரியுமா அண்ணாச்சி?

வரிகட்டி | ஞாயிறு, இரவு 8.35

ராத்திரி சாப்பிட்டுவிட்டு எல்லாவற்றையும் திரும்பப் படித்தேன். என் நிலையில் ஒன்று மாறியிருக்கிறது, ஒன்று மாறவில்லை.

மாறியது: வானொலி, பேரிடர் அறிவிப்பு, ஆவணக் காப்பகம். இந்த மூன்றுக்கும் பொதுப்பணம் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். கடலுக்குப் போகிறவனுக்கும் காட்டுக்குள் இருக்கிறவனுக்கும் சந்தை பேசாது.

மாறாதது: டிவி செய்தி. அதற்கு அரசுப் பணத்தில் ஒரு ரூபாய் கூடக் கூடாது என்பேன். 2014-ல் ஆர்எஸ்எஸ் தலைவரின் விஜயதசமிப் பேச்சை நேரலையாகப் போட்டபோதும் எதிர்த்தேன், அதற்கு முன்னால் இருந்த ஆட்சிகளில் ரிப்பன் வெட்டுகிற செய்தியை மட்டுமே போட்டபோதும் எதிர்த்தேன். பூட்டு மாட்டும் வரை அந்த அறைக்குப் பணம் வேண்டாம்.

பரண்வாசி | ஞாயிறு, இரவு 9.20

பணத்தை நிறுத்தினால் பூட்டு மாட்டவும் ஆள் இருக்க மாட்டான் என்பது என் பயம். ஆனாலும் நீங்கள் இவ்வளவு தூரம் வந்ததற்கு நன்றி.

பேசிக் கலைந்துவிடாமல் ஏதாவது செய்யலாம் என்று தோன்றுகிறது. தகவல் தொடர்பு, தகவல் தொழில்நுட்பத்துக்கான நாடாளுமன்ற நிலைக்குழு இருக்கிறது. அதற்கும் நம் தொகுதி எம்.பி.க்களுக்கும் ஒரு கடிதம். முதல் வரைவு:

"17-ம் பிரிவில் 'கொடுக்கலாம்' என்பது 'கொடுக்க வேண்டும்' என மாற வேண்டும். தொகையை ஐந்தாண்டுக்கு ஒருமுறை, அமைச்சகம் சாராத குழு ஒன்று நிர்ணயிக்க வேண்டும். சம்பளத்துக்கு மட்டும் இல்லாமல் நிகழ்ச்சித் தயாரிப்புக்கும் ஆவணக் காப்பகத்துக்கும் தனித்தனி ஒதுக்கீடு வேண்டும். அதில் ஒவ்வொரு மொழிக்கும் எவ்வளவு என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். 13-ம் பிரிவின்படி நாடாளுமன்றக் குழுவை உடனே அமைக்க வேண்டும்."

கொங்குமலர் | ஞாயிறு, இரவு 9.41

"வெளியிட வேண்டும்" போதாதுங்க. ஃப்ரீ டிஷ்ல ஒவ்வொரு மாநில மொழிக்கும் ஏலத்துக்கு வெளியே இத்தனை இடம்னு ஒதுக்கணும், எண்ணிக்கையோட. இல்லாட்டி அந்த அக்கா வீட்டு டிஷ்ல துணிதான் காயும்.

ஈஸ்ட்ஹாம் ரவி | ஞாயிறு, இரவு 10.05

நான் இந்தியக் குடிமகன் இல்லை, கையெழுத்து வைக்க ஏலாது. ஆனால் தென்தமிழ்நாட்டு மத்திய அலை (மீடியம் வேவ்) வானொலி கடல் தாண்டி எங்களுக்கும் கேக்கும். மத்திய அலையை நிப்பாட்டிக்கொண்டு வருகினமாம் எண்டு கேள்விப்பட்டன். அதைப் பற்றியும் ஒரு வரி போடுங்கோ.

ஃபிலமென்ட் | ஞாயிறு, இரவு 10.30

உண்மைதான் ரவி, பல ஊர்களில் மத்திய அலையை நிறுத்தி எஃப்எம்முக்கு மாற்றுகிறார்கள். எஃப்எம் கேட்கத் தெளிவு, ஆனால் தூரம் போகாது. கடலுக்குள் சில பத்து கிலோமீட்டரில் மங்கிவிடும். கரையோரத்தில் ஒன்றிரண்டு மத்திய அலை நிலையமாவது நிற்க வேண்டும். அந்த வரியை நான் எழுதித் தருகிறேன், தொழில்நுட்பப் பிழை இல்லாமல்.

வரிகட்டி | ஞாயிறு, இரவு 10.52

"அமைச்சகம் சாராத குழு" என்பதை யார் நியமிப்பது என்று எழுதாமல் விட்டால் நான் கையெழுத்துப் போடமாட்டேன். அதை எழுதுங்கள். டிவி செய்திக்கு நிபந்தனை என்று தனிப் பத்தி நான் அனுப்புகிறேன்.

பரண்வாசி | ஞாயிறு, இரவு 11.15

சரி. நியமனக் குழுவில் எதிர்க்கட்சித் தலைவரும் உயர் நீதிமன்ற ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரும் இருக்க வேண்டும் என்று சேர்க்கிறேன். ஃபிலமென்ட் ஐயாவின் வரி, மலரின் ஒதுக்கீடு, உங்கள் பத்தி எல்லாம் வந்ததும் புதன்கிழமை இரவு முழு வரைவைப் போடுகிறேன். செல்வி, ரேடியோ நெல்லை உங்கள் அப்பா சொல்லச் சொல்ல ஒரு பக்கத்தில் எழுதி அனுப்ப முடியுமா? தாத்தாவின் லைசென்ஸ் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்து அதோடு இணைக்கிறேன்.

நன்னிலம் செல்வி | திங்கள், காலை 6.05

கேட்டேன். சாயங்காலம் சொல்கிறேன் என்றார். இப்போது வானிலை கேட்டுக்கொண்டிருக்கிறார்.